புலனாய்வுப் பத்திரிகையாளர் பயிற்சி: கடல் கடந்த வாசல் நம் பிள்ளைகளுக்கும் திறக்குமா?

சென்ற மாதம் ஒரு கிராமத்துக் காலனியில் உள்ள அம்பேத்கர் படிப்பகத்துக்குப் போயிருந்தோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் வரை வந்திருந்தார்கள். போலீஸ் தேர்வு, குரூப் 4, நர்சிங் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து வந்து ஒரு நோட்டை நம்மிடம் நீட்டினார். பக்கம் பக்கமாக லாரி எண்கள். பக்கத்திலேயே தேதி, நேரம், லோடுடன் போனதா, காலியாக வந்ததா என்ற குறிப்பு.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் சார் ஏரியில மண்ணு எடுக்கிறாங்க. எங்க தெரு வழியாத்தான் லாரி போகும். ஏரி முழுக்க குழி. ரெண்டு ஆடு அதுல விழுந்து செத்துப்போச்சு. நாளைக்குப் பிள்ளைங்க விழுந்தா யாரு கேக்குறது?" என்றார். பிறகு கேட்டார்: "இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் கண்டுபிடிச்சு எழுதறதுக்கு வெளிநாட்டுல பயிற்சி தர்றாங்கன்னு யூடியூப்ல பார்த்தேன். நம்மள மாதிரி ஆளுங்கள எடுப்பாங்களா சார்?"

கூட்டம் கலைந்த பிறகுதான் இன்னொன்றையும் சொன்னார். அவருடைய அப்பா அதே லாரிகளில் லோடு ஏற்றும் கூலி வேலைக்குப் போகிறவர். மண் எடுப்பது நின்றால் வீட்டில் வருமானம் நிற்கும். எழுதியது யார் என்று தெரிந்தால் வருமானத்தோடு முடியாது. அதனால் ஊரின் பெயரையும் மாணவியின் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. விசாரித்துவிட்டு முழுதாகச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். அவரைப் போல நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் கைபேசியிலும் நோட்டிலும் எதையாவது பதிந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

ஒரு கொலையில் வளர்ந்த பள்ளிக்கூடம்

புலனாய்வு இதழியலுக்கு என்று தனிப் பயிற்சி எப்படி வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டான் போல்ஸ் என்றொரு செய்தியாளர் இருந்தார். நில மோசடிக் கும்பல்களையும் மாஃபியாக்களையும் பற்றித் தொடர்ந்து எழுதியவர். 1976 ஜூன் 2-ஆம் தேதி, செய்தி தருவதாகச் சொன்ன ஒருவரைச் சந்திக்க ஃபீனிக்ஸ் நகரில் ஒரு ஓட்டலுக்குப் போனார். காருக்கு அடியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. பதினோரு நாள் உயிருக்குப் போராடி இறந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் புலனாய்வுச் செய்தியாளர்கள் சிலர் சேர்ந்து ஐ.ஆர்.ஈ. என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். போல்ஸும் அதில் உறுப்பினர். அவர் இறந்ததும் அந்தச் சங்கம் இரங்கல் தீர்மானத்தோடு நிற்கவில்லை. வெவ்வேறு பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் சேர்ந்த 38 செய்தியாளர்கள் அரிசோனாவுக்கு வந்து இறங்கினார்கள். வழக்கமாக ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் போட்டியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, போல்ஸ் எழுதிக்கொண்டிருந்த விஷயங்களையே தோண்டினார்கள். 1977-இல் 23 பகுதிகளாகத் தொடர் வெளிவந்தது. ஒரு செய்தியாளரைக் கொன்றால் அந்தச் செய்தியை நாற்பது பேர் எழுதுவார்கள் என்பதைக் கும்பல்களுக்கு அது காட்டியது. அந்தச் சங்கம் இன்றும் பயிற்சி வகுப்புகள் நடத்திவருகிறது.

2017 அக்டோபரில் மால்டா நாட்டில் தாஃப்னி கரூனா கலீசியா என்ற பெண் செய்தியாளர் கார் குண்டில் கொல்லப்பட்டபோதும் இதேதான் நடந்தது. 15 நாடுகளைச் சேர்ந்த 45 செய்தியாளர்கள் அவர் விட்ட வேலையை எடுத்துச் செய்தார்கள். 2018 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவில் யான் குசியாக் என்ற 27 வயது செய்தியாளரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இத்தாலிய மாஃபியாக் கும்பல் ஒன்று அந்த நாட்டு விவசாய மானியத்தில் கைவைத்ததை அவர் அரசு ஆவணங்களை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்காமல் விட்ட கட்டுரையைப் பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே அந்நாட்டுப் பிரதமர் பதவி விலகினார்.

இங்கே செத்தவர்கள்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூரில் சட்டவிரோத மணல் குவாரி பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிவந்த ஜகேந்திர சிங், 2015 ஜூன் மாதம் போலீஸார் வீட்டுக்கு வந்தபோது தீக்காயமடைந்து ஒரு வாரத்தில் இறந்தார். போலீஸார்தான் எரித்தார்கள் என்றது குடும்பம். அவரே தீவைத்துக்கொண்டார் என்றது போலீஸ். மத்தியப் பிரதேசம் பிண்டில் மணல் கும்பலுக்கும் போலீஸுக்கும் உள்ள தொடர்பைத் தொலைக்காட்சியில் காட்டிய சந்தீப் சர்மா, பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்திருந்தும், 2018 மார்ச்சில் லாரி ஏறிச் செத்தார். சத்தீஸ்கர் பிஜாப்பூரில் சாலைப் பணி ஊழலை வெளிக்கொண்டு வந்த முகேஷ் சந்திரகரின் உடல் 2025 ஜனவரியில் ஒரு ஒப்பந்ததாரரின் இடத்தில் இருந்த செப்டிக் டேங்கிலிருந்து எடுக்கப்பட்டது.

இவர்களில் யாரும் தலைநகரத்துப் பெரிய பத்திரிகையின் ஆசிரியர் அல்ல. சிற்றூர்க்காரர்கள். சொந்த ஊரில் இருந்துகொண்டு, குற்றம் செய்பவன் வீடு எது என்று தெரிந்தே எழுதியவர்கள். பின்னால் நிற்க நாற்பது பேர் இல்லாதவர்கள். தமிழ்நாட்டிலும், தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரலில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அரசு ஊழியருக்கே அந்தக் கதி என்றால் காலனிப் பெண் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

வெளிநாட்டுப் பயிற்சியைப் பற்றி நாம் பேசுவது இந்தக் காரணத்துக்காகத்தான். சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டு மாட்டுவதற்காக அல்ல. எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி உயிரோடு எழுதுவது, ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் அங்கே கிடைக்கின்றன. ஜகேந்திர சிங் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2019-இல், பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து அவர் எழுதிய மணல் விவகாரத்தை மறுபடி விசாரித்து வெளியிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே அந்தக் கூட்டம் அவருக்கு அறிமுகமாகியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்?

துப்பறியும் வேலை என்றால் மறைத்துவைத்த கேமரா, மாறுவேடம் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நிஜத்தில் அந்த வேலையில் பெரும்பகுதி காகிதம் படிப்பதுதான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1989-இல் சில செய்தியாளர்கள் சேர்ந்து புலனாய்வு இதழியல் மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அப்போது அதிபராக இருந்த ஜோசப் எஸ்த்ராடாவின் சொத்துகளை 2000-ஆம் ஆண்டில் அந்த மையம் ஆராய்ந்தது. அதிபர் அரசிடம் கொடுத்த சொத்துக் கணக்கை ஒரு பக்கம் வைத்தார்கள். கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் இருந்த காகிதங்களை மறுபக்கம் வைத்தார்கள். கணக்கில் காட்டாத பல கம்பெனிகளில் குடும்பத்தாரின் பெயர்கள் இருந்தன. மாளிகைகளின் நிலப் பத்திரங்களையும் தேடி எடுத்தார்கள். எல்லாமே யாரும் போய்ப் பார்க்கக்கூடிய அரசு ஆவணங்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் எஸ்த்ராடா பதவி இழந்தார்.

2016-இல் உலகத்தையே உலுக்கிய பனாமா ஆவணங்களும் அப்படித்தான். ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 1 கோடியே 15 லட்சம் ஆவணங்களைப் பல நாடுகளைச் சேர்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்கள். பினாமிக் கம்பெனி யாருடையது, பணம் எந்த நாட்டுக்குப் போனது என்பது அதில்தான் தெரிந்தது.

ஆகவே பயிற்சியில் முதல் பாடம் பணம் போன வழியைப் பின்தொடர்வது. கம்பெனியின் இயக்குநர்கள் யார், நிலம் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது, டெண்டர் யாருக்குப் போனது என்று பார்ப்பது. அடுத்தது, ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிடுவது. செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு ஏரியோ மலையோ எந்த ஆண்டில் எவ்வளவு கரைந்தது என்று காட்டுவதும் உண்டு. தகவல் கொடுப்பவரின் பெயரைக் காப்பது, கைபேசியைப் பூட்டிவைப்பது, ஆபத்தான இடத்துக்குப் போகும்முன் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பவையும் பாடங்களே. குற்றம் சாட்டப்படுபவரிடம் விளக்கம் கேட்டு, அதையும் செய்தியில் சேர்த்து, அவதூறு வழக்கில் மாட்டாமல் எழுதுவதும் சொல்லித் தரப்படுகிறது.

இதை நம் ஊர் வலியோடு சேர்த்துப் பார்ப்போம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தலித் மக்கள் நிறைந்த பகுதி அது. குடித்துச் செத்தவர்களின் வறுமையையும் பழக்கத்தையும் பற்றி நிறையவே எழுதப்பட்டது. சாராயத்தில் கலந்த மெத்தனால் எந்த ஆலைக்குரியது, எத்தனை கை மாறி வந்தது, வழியில் யார் கண்ணை மூடிக்கொண்டார் என்ற கேள்விகள்தான் புலனாய்வுச் செய்தியாளரின் கேள்விகள். செத்தவர் வீட்டிலிருந்து தொடங்கி, லாபம் பார்த்தவர் வீடு வரை போவது அந்தப் பயிற்சி.

எங்கே, யாருக்கு?

நாம் விசாரித்ததில் முக்கியமானவற்றைச் சொல்கிறோம். தேதியும் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும்முன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகப் புலனாய்வு இதழியல் மாநாடு: 2001-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு நாட்டில் நடக்கிறது. 2023-இல் சுவீடன், 2025 நவம்பரில் மலேசியாவின் கோலாலம்பூர். ஆசியாவில் நடந்தது அதுவே முதல்முறை. சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகள் நடக்கும். வளரும் நாடுகளைச் சேர்ந்த செய்தியாளர்களில் தேர்வு பெறுபவர்களுக்கு விமானச் செலவும் தங்கும் செலவும் கொடுக்கிறார்கள். சிறு பத்திரிகையில் இருப்பவர்களும் தனியாக எழுதுபவர்களும் விண்ணப்பிக்கலாம்.

ஓ.சி.சி.ஆர்.பி.: திட்டமிட்ட குற்றங்களையும் ஊழலையும் மட்டுமே ஆராயும் அமைப்பு. போரால் சிதைந்த போஸ்னியாவின் சரயேவோ நகரில் 2006-இல் உருவானது. உள்ளூர்ச் செய்தியாளர்களோடு சேர்ந்து வேலை செய்வதும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இதன் வழக்கம். குசியாக்கின் கட்டுரையை முடித்து வெளியிட்டதில் இதற்கும் பங்குண்டு.

செவனிங் தெற்காசிய இதழியல் திட்டம்: பிரிட்டன் அரசு நடத்துவது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் சில வாரப் பயிற்சி. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கானது. செலவை அவர்களே ஏற்கிறார்கள்.

ஆக்ஸ்போர்டு ராய்ட்டர்ஸ் நிறுவன ஃபெல்லோஷிப்: ஐந்து ஆண்டு அனுபவமாவது வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு விஷயத்தை ஆக்ஸ்போர்டில் இருந்து ஆராயலாம்.

ஹார்வர்டு நீமன் ஃபெல்லோஷிப்: 1938 முதல் நடக்கிறது. ஒரு கல்வியாண்டு. ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஆனால் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. வயது வரம்பும் இல்லை. ஹார்வர்டு என்றதும் மலைக்கும் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

ஆல்ஃபிரட் ஃபிரெண்ட்லி ஃபெல்லோஷிப்: 25 முதல் 35 வயது வரை உள்ள, சில ஆண்டு அனுபவமுள்ள செய்தியாளர்களுக்கு. அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களிலேயே மாதக்கணக்கில் வேலை பார்த்துக் கற்கலாம்.

வீட்டிலிருந்தே கற்க: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் மையம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. மாணவர்களும் சேரலாம். ஐ.ஜே.நெட் என்ற இணையதளத்தில் உலகம் முழுவதும் உள்ள ஃபெல்லோஷிப் அறிவிப்புகள் வருகின்றன. வாரம் ஒருமுறை படிப்பகத்துக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

இவற்றுக்கெல்லாம் ஏஜென்ட் கிடையாது. நேரடியாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். இடம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது வந்தால் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

வழியில் உள்ள முட்கள்

மேலே உள்ள பட்டியலைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரும்பாலானவை அனுபவம் கேட்கின்றன. அனுபவம் பத்திரிகை அலுவலகத்தில்தான் கிடைக்கும். அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது?

1996-இல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரையாவது பார்க்க முடியுமா என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 23 ஆண்டு கழித்து, 2019-இல், ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஓர் ஆய்வை வெளியிட்டன. அவர்கள் பார்த்த ஊடக நிறுவனங்களில் தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 இடங்களில் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

அலுவலகத்துக்குள் இடமில்லை என்றால் அனுபவம் எங்கிருந்து வரும்? ஆங்கிலப் பரிந்துரைக் கடிதம் யார் கொடுப்பார்? இது ஒரு முள்.

ஆங்கிலம் இன்னொரு முள். மேலே சொன்ன ஃபெல்லோஷிப்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் நீங்கள் தமிழில் எழுதிய செய்தியை ஆங்கிலச் சுருக்கத்தோடு அனுப்பினால் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். பிழையில்லாமல் பேச வேண்டும் என்பதைவிட, விசாரித்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதே முக்கியம். கல்லூரியில் இருக்கும் மூன்று ஆண்டை அதற்குப் பயன்படுத்தலாம்.

பாஸ்போர்ட்டும் ஒரு விஷயம். கட்டணம் 1,500 ரூபாய்தான். ஆனால் போலீஸ் விசாரணை உண்டு. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிவரும். கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை என்று போராடிய இடங்களில் நம் இளைஞர்கள் மேல் கூண்டோடு வழக்குப் போடுவது நமக்குத் தெரியும். அந்த வழக்குகளைக் கிடப்பில் விடாமல் வழக்கறிஞர் மூலம் முடித்துக்கொள்வது படிப்புக்கும் வேலைக்கும் பயணத்துக்கும் நல்லது.

பட்டப்படிப்பாகவே வெளிநாட்டில் இதழியல் படிக்க விரும்புவோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள், 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்பன அதன் விதிகள். முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கலாம். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை கிடையாது என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். சாதியால் ஒடுக்கப்பட்ட பிள்ளை, சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய அரசுப் பணம் தர மாட்டோம் என்பது என்ன நியாயம்? இதை எதிர்த்துக் குரல் எழுந்தது. இனியும் எழ வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இந்த ஆண்டு விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நமக்கு இது புதிதல்ல

கடல் கடந்து படிப்பதும் பத்திரிகை நடத்துவதும் நமக்குப் புதிதல்ல. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு. திரும்பி வந்து 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். வாய் பேசாதோரின் தலைவன் என்று பொருள். படித்துவிட்டு வந்தவர் முதலில் தேடியவற்றில் ஒன்று பேச ஒரு பத்திரிகை.

இன்றைய உதாரணமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் சித்ரகூட்டில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா' பத்திரிகையை நடத்துபவர்கள் கிராமத்துப் பெண்கள். தலித் பெண்கள் அதில் முன்னணியில் இருக்கிறார்கள். பாலியல் வன்முறை முதல் சட்டவிரோதச் சுரங்கம் வரை எழுதுகிறார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் வரும் செய்தியாளர் ஒருவர் சிறுவயதில் குவாரியில் வேலை பார்த்தவர். பிறகு அதே குவாரிகளின் முறைகேட்டை வெளியே கொண்டுவந்தவர். எந்த லாரி எங்கே போகிறது என்று நகரத்திலிருந்து வரும் செய்தியாளருக்கு யாராவது சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டுத் தேர்வுக் குழுக்கள் கேட்பதும் இதைத்தான். நீங்கள் இதுவரை எதை விசாரித்தீர்கள், எந்த ஆவணத்தை எடுத்தீர்கள், அடுத்து எதை விசாரிக்கப் போகிறீர்கள்? இந்த மூன்று கேள்விக்கு நம் காலனியில் பதில் கிடைக்கும். பெரிய நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு வாய்க்காத பதில் அது.

ஊரிலிருந்தே தொடங்குவது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உங்கள் ஊரில் எந்த சர்வே எண்கள் அப்படி ஒதுக்கப்பட்டவை? இன்று பட்டா யார் பெயரில்? வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது? கிராமக் கணக்கில் உள்ள ஏ-பதிவேடு என்ன சொல்கிறது? இந்த மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பிலிப்பைன்ஸ்காரர்கள் செய்த அதே வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள். தேர்தலில் நின்றவரின் சொத்துக் கணக்கும் பொது ஆவணம்தான்.

ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். மனுவை ஊர்க்காரர் பெயரில் போடாமல் வெளியூர் வழக்கறிஞரோ அமைப்போ போடட்டும். ஓர் ஏரியைப் பற்றி மட்டும் கேட்டால் கேட்டது யார் என்று தெரிந்துவிடும். வட்டம் முழுவதற்கும் கேளுங்கள். எடுத்த குறிப்புக்கு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இரவில் தனியே போய்ப் படம் எடுக்காதீர்கள். உயிரைக் கொடுத்து எடுக்கும் படம் எந்த ஏரியையும் காப்பாற்றாது.

அந்த மாணவியிடம் என்ன சொன்னோம்?

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் அந்த மாணவியைப் போனில் கூப்பிட்டுப் பேசினோம். நோட்டு வீட்டில் இல்லை, ஒரு வழக்கறிஞரிடம் இருக்கிறது என்றார். வட்டத்தில் உள்ள எல்லா ஏரிகளுக்கும் எத்தனை லோடு மண்ணுக்கு அனுமதி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை நடைச்சீட்டு கொடுக்கப்பட்டது என்று அந்த வழக்கறிஞர் கனிமவளத் துறைக்கு மனுப் போட்டிருக்கிறார். பதில் வந்ததும் நோட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். இரவு பதினோரு மணிக்கு நடைச்சீட்டு உண்டா என்பது அப்போது தெரியும்.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியும் சார். ஒண்ணும் சொல்லல. நேத்து நான் படிச்சிட்டு இருந்தப்ப, லாரி நம்பரை எல்லாம் தப்பில்லாம எழுதுனியான்னு மட்டும் கேட்டாரு."

இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். ஹார்வர்டும் ஆக்ஸ்போர்டும் அவருக்கு இன்னும் பல ஆண்டு தூரம். அதுவரை அவர் எழுதும் செய்தியை வெளியிட வேண்டியது நம் பத்திரிகைகளின் பொறுப்பு. அவர் எழுதும்போது பின்னால் நிற்க நாற்பது பேரைச் சேர்க்க வேண்டியது அவர் பொறுப்பு மட்டுமல்ல, நம் எல்லோருடையதும்.